பூம் கேட் இருக்கிறது, பாதுகாவலர் இருக்கிறார். அண்டை வீட்டார் இருக்கிறாரா?

அன்று செவ்வாய்க்கிழமை. காலை மணி 11 இருக்கும். எங்கள் தாமானில், என் வீட்டிலிருந்து நான்காவது வீட்டின் முன் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ஒளிரும் மேல்சட்டை அணிந்த இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். ஏணி ஒன்றையும் இறக்கினார்கள். நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ‘ஏர்கோன் கழுவ வந்திருக்கிறார்கள் போல’ என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மாலையில்தான் விஷயம் தெரிந்தது. பின்பக்கக் கதவின் கிரில் கம்பிகள் அறுக்கப்பட்டிருந்தன. மகளின் திருமணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த நகைகள் மொத்தமும் போய்விட்டன. வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியை. கணவரும் வேலைக்குப் போகிறவர். பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை.

அன்றிரவு எங்கள் தாமான் வாட்சாப் குழுவில் நூற்றுக்கும் மேற்பட்ட தகவல்கள். ‘பாதுகாவலர் தூங்கிக்கொண்டிருந்தாரா?’ என்று ஒருவர். ‘மாதச் சந்தாவை உயர்த்தி இன்னொரு ஆளைப் போடுங்கள்’ என்று இன்னொருவர். ‘பக்கத்து ஃபிளாட் பையன்களைத்தான் பிடித்து விசாரிக்க வேண்டும்’ என்று மற்றொருவர். இதற்கிடையில் ஓர் உண்மை மெல்ல வெளியே வந்தது. அந்த வேனை நான் மட்டும் பார்க்கவில்லை. எதிர் வரிசையில் இரண்டு பேர், மூலை வீட்டில் ஒருவர் என்று மொத்தம் நான்கு பேர் பார்த்திருக்கிறோம். ஒருவரும் வேனின் எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. ஒருவரும் டீச்சரை அழைத்துக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. நான்கு பேரில் ஒருவரிடமும் அவருடைய கைப்பேசி எண் இல்லை.

மறுநாள் டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. “அண்ணே, நீங்க அப்போ வெளியேதானே நின்னீங்க?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நம் தாமான்களில் குற்றத்தைப் பற்றி நாம் எப்படி நினைக்கிறோம், தடுப்பதை யாருடைய வேலையென்று கருதுகிறோம், அதில் சட்டம் நமக்கு என்ன சொல்கிறது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

நம்மிடம் இருக்கும் நான்கு எண்ணங்கள்

குடியிருப்பாளர் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டால், சுற்றிச் சுற்றி நான்கு பேச்சுகள்தான் வரும். முதலாவது, ‘நமக்கு எதற்கு வம்பு?’ இரண்டாவது, ‘போலீசில் சொல்லி என்ன ஆகப்போகிறது?’ மூன்றாவது, ‘மாதா மாதம் பணம் கட்டுகிறோமே, ஜாகா பார்த்துக்கொள்வார்.’ நான்காவது, ‘வெளியாட்கள்தான் காரணம்.’

இவற்றில் எதுவும் முழுப் பொய் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் கசப்பான அனுபவம் இருக்கிறது. ஆனால் நான்கும் சேர்ந்தால் விளைவு ஒன்றுதான்: பார்த்தவர் பேசமாட்டார், இழந்தவர் தனியாக நிற்பார்.

நாட்டின் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். அரச மலேசிய போலீஸ் படையின் குற்றக் குறியீட்டில் கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை போன்ற வன்குற்றங்களும், வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு, வழிப்பறி போன்ற சொத்துக் குற்றங்களும் அடங்கும். 2009-ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் அது 50 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டிய அளவில் இருந்தது. இது பெரிய இறக்கம். ஆயினும் நம்மில் பலருக்குப் பயம் அந்த அளவுக்குக் குறையவில்லை. முன்பு பத்து தெரு தள்ளி நடந்த திருட்டு நமக்குத் தெரியாது. இன்று வேறு மாநிலத்தில் நடந்ததன் சிசிடிவி காட்சிகூடப் பத்து நிமிடத்தில் நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. பயம் கூடினாலும் கவனம் கூடவில்லை என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி.

பூம் கேட் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. வேலியும் வாசலும் அமைந்த குடியிருப்புகள் இரண்டு வகைப்படும்.

முதல் வகை, ஸ்ட்ராத்தா நிலப்பட்டா கொண்டவை. அங்கே உள் சாலைகள் குடியிருப்பாளர்களின் பொதுச் சொத்து. பராமரிப்புக் கட்டணம் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் கட்டாயம். கட்டாதவர் மீது நடவடிக்கை எடுக்கலாம்.

இரண்டாம் வகை, நம்மில் பெரும்பாலோர் வசிக்கும் சாதாரண தாமான்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பட்டா. சாலை பொதுச் சாலை. இங்கே குடியிருப்பாளர்கள் கூடிப் பேசி, ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெற்று, பாதுகாவலரை நியமித்துக்கொள்கிறார்கள். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு இதற்கான வழிகாட்டியை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன்படி, விருப்பமில்லாதவரைத் திட்டத்தில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. எத்தனை விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும் என்பது மன்றத்துக்கு மன்றம் வேறுபடும் என்பதால், உங்கள் நகராண்மைக் கழகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அனுமதியில்லாமல் பொதுச் சாலையை மறித்தால், 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் அது குற்றமாகும்.

‘பூம் கேட்டே சட்டவிரோதம்’ என்று சொல்வோரும் உண்டு. அதுவும் சரியல்ல. கோத்தா டாமன்சாராவிலுள்ள ஒரு குடியிருப்பு தொடர்பான வழக்கில், 2015-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தெளிவான தீர்ப்பை வழங்கியது. ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு அமைந்த காவல் கூண்டும் பூம் கேட்டும் சட்டவிரோதத் தடையாகா. சந்தா கட்டாதவர் தாமே இறங்கிக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பது ஒரு சிரமமே தவிர, அது வழக்குத் தொடுக்கக்கூடிய இடையூறு அல்ல என்பது அதன் சாரம்.

பாதுகாவலரின் அதிகாரம் பற்றியும் தெளிவு வேண்டும். பாதுகாவல் நிறுவனங்கள் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உங்கள் தாமான் அமர்த்தியிருக்கும் நிறுவனத்துக்கு அது இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் பாதுகாவலர் போலீஸ்காரர் அல்லர். பொதுச் சாலையில் செல்பவரைத் திருப்பி அனுப்பவோ, ஒருவரின் மைகார்டை வாங்கித் தம்மிடம் வைத்துக்கொள்ளவோ அவருக்கு அதிகாரமில்லை. ஒளிரும் மேல்சட்டையோடும் ஏணியோடும் வரும் வேனைப் பார்த்து, ‘எந்த வீட்டுக்கு?’ என்று கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம். அந்த வீட்டுக்காரர் உண்மையில் ஆளை வரச் சொன்னாரா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ள வீட்டுக்காரரை அழைக்கும் ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் உற்சாகமாகச் சந்தா கட்டுவார்கள். ஓராண்டு போனதும் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். பணம் போதாமல் இரண்டு ஆள் ஒரு ஆளாவார். பிறகு இரவு மட்டும் என்றாகும். கடைசியில் பூம் கேட் தூக்கியபடியே நிற்கும். எங்கள் தாமானிலும் அப்படித்தான் நடந்தது. டீச்சர் வீட்டில் திருட்டு நடந்தது பகலில். அந்த நேரத்தில் முன்வாசலில் ஒரே ஒரு பாதுகாவலர், பின்சந்தில் யாருமில்லை.

புகார் செய்தால் என்ன நடக்கும்?

‘சொல்லி என்ன ஆகப்போகிறது?’ என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று தயக்கங்கள் இருக்கின்றன. நேரம் போகும், மலாய் மொழியில் சரியாகச் சொல்ல வராது, பிறகு கோர்ட்டுக்கு அலைய வேண்டும். இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

தகவல் சொல்வது வேறு, போலீஸ் புகார் செய்வது வேறு. சந்தேகத்துக்கிடமான வேன் ஒன்று நிற்கிறது என்று 999-க்கோ மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் கட்டுப்பாட்டு அறைக்கோ அழைத்துச் சொல்வது வெறும் தகவல். இடம், வாகன எண், நிறம், எத்தனை ஆட்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்ற ஐந்து விவரங்கள் போதும். இதற்காக யாரும் உங்களைக் கோர்ட்டில் ஏற்றப்போவதில்லை.

புகார் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 107-ஆவது பிரிவின் கீழ் பதிவாவது. குற்றம் நடந்த இடத்துக்குரிய நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. எந்தப் போலீஸ் நிலையத்திலும் செய்யலாம். நீங்கள் வாய்மொழியாகச் சொல்வதை அதிகாரி எழுதிக்கொண்டு, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். மொழி தடையென்றால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். படித்துக் காட்டும்போது பொருளும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று கவனித்த பிறகே கையெழுத்திடுங்கள். பிரதியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று 107ஏ பிரிவில் இருக்கிறது. பெருங்குற்றங்களைப் பற்றிப் புகார் செய்தவர், நான்கு வாரங்கள் கழிந்த பிறகு விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கலாம். அதிகாரி இரண்டு வாரங்களுக்குள் அந்த நிலை அறிக்கையைத் தர வேண்டும். வீடு புகுந்து திருடுவது இந்த வகையில் சேரும். புகார் செய்துவிட்டு, ‘அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை’ என்று காத்திருப்பதைவிட, இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்பது பயனுள்ளது. டீச்சரும் பின்னர் அப்படிக் கேட்டார்; பதிலும் வந்தது.

புகாருக்கு இன்னொரு பயனும் உண்டு. போலீசின் ரோந்து எங்கே கூட வேண்டும் என்பதைப் பதிவான சம்பவங்கள்தான் காட்டுகின்றன. மோட்டார்சைக்கிளைத் தொலைத்தவர் காப்புறுதிக்காகப் புகார் செய்வார். ஆனால் வாசலில் இருந்த எரிவாயுத் தோம்பு, சைக்கிள், செருப்பு அலமாரி காணாமற்போனால், ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். சிறு திருட்டுகள் தொடர்ந்து நடந்தும் ஒன்றுகூடப் பதிவாகாவிட்டால், கணக்கில் நம் தாமான் அமைதியான தாமான்தான்.

கொலை, கொள்ளை போன்ற கடும் குற்றங்களைப் பற்றித் தெரிந்தவர் தகவல் தர வேண்டியது கடமை என்று அதே சட்டத் தொகுப்பின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. ‘நமக்கு எதற்கு வம்பு’ என்று ஒதுங்குவது எல்லா நேரத்திலும் நம் விருப்பத்துக்குரியது அல்ல.

திருடன் கையில் சிக்கினால்?

பொறுமை இழந்த தாமான்களில் நடக்கும் ஆபத்து இது. பிடிபட்டவரைக் கட்டிவைத்து அடிப்பதும், அதைப் படம் எடுத்துப் பரப்புவதும் நாம் பார்க்காத காட்சிகள் அல்ல.

சட்டம் பொதுமக்களுக்கும் கைது செய்யும் உரிமையைத் தருகிறது. 27-ஆவது பிரிவின்படி, ஜாமீனில் விட இயலாத பெருங்குற்றத்தை ஒருவர் உங்கள் கண்ணெதிரே செய்தால் அவரைப் பிடித்து வைக்கலாம். ஆனால் தேவையற்ற தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். தற்காப்புக்கும் வரம்பு உண்டு; தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. பிடித்து வைத்தவரை அடித்தால், திருட வந்தவரோடு அடித்தவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். உயிர் போய்விட்டால் அது கொலை வழக்கு. அடித்தவர்களின் குடும்பம்தான் பிறகு வழக்கறிஞரைத் தேடி அலையும்.

கைப்பேசிக்கும் இது பொருந்தும். உறுதியாகத் தெரியாத ஒருவரின் படத்தைப் போட்டு ‘இவன்தான் திருடன்’ என்று பரப்பினால், அவதூறு வழக்கும், 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவும் பாயக்கூடும். சிசிடிவி பதிவைக் குழுவில் போடுவதற்கு முன்பு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். பழைய பதிவுகள் சில நாள்களில் அழிந்துவிடும் என்பதால், சம்பவம் நடந்த அன்றே தனியாகச் சேமித்து வையுங்கள்.

சந்தேகம் யார் மேல்?

‘ஃபிளாட் பையன்கள்’ என்று அன்று குழுவில் எழுதியவரும் நம்மவர்தான். அந்த ஃபிளாட்டில் வசிக்கும் பிள்ளைகளில் பலரும் நம் பிள்ளைகள்தான். மோட்டார்சைக்கிளில் இரவு வேலை முடிந்து வரும் நம் இளைஞரை, நிறத்தைப் பார்த்து ஒரு பாதுகாவலர் நிறுத்தி விசாரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதே வலி வங்காளதேசத் தொழிலாளிக்கும் புதிதாக வாடகைக்கு வந்தவருக்கும் உண்டு.

இதில் நியாயம் மட்டுமல்ல, நடைமுறையும் இருக்கிறது. ஆளின் தோற்றத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர், நடத்தையைக் கவனிக்கத் தவறிவிடுகிறார். டீச்சர் வீட்டுக்கு வந்தவர்கள் வேலைக்காரர்களைப் போல் நேர்த்தியாக உடுத்தியிருந்தார்கள். அதனால்தான் நான்கு பேருக்கும் சந்தேகம் வரவில்லை. யார் வந்திருக்கிறார் என்பதைவிட, என்ன செய்கிறார் என்பதையே கவனிக்க வேண்டும். பூட்டிய வீட்டின் முன் நீண்ட நேரம் நிற்கிறாரா? மணியடித்துவிட்டுப் பின்சந்துக்குப் போகிறாரா? ஆளில்லாத வீட்டிலிருந்து பொருளை ஏற்றுகிறாரா? இதைத்தான் போலீசிடமும் சொல்ல வேண்டும்.

அப்பா காலத்து ரோந்து

மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1975-ஆம் ஆண்டில், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது ருக்குன் தெத்தாங்கா தொடங்கப்பட்டது. அப்போது ஆண்களுக்கு இரவு ரோந்து கட்டாயம். கையில் டார்ச் லைட்டோடு மலாய், சீன, இந்திய அண்டை வீட்டார் ஒன்றாகத் தெருத் தெருவாக நடந்தார்கள். பின்னாளில் கட்டாய ரோந்து நிறுத்தப்பட்டு, அண்டை அயலாரின் நல்லுறவுக்கு முக்கியத்துவம் தரப்பட்டது. 2012-ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டம் இன்றைய அமைப்புக்கு அடிப்படையாக இருக்கிறது. நாடு முழுவதும் 8,000-க்கும் மேற்பட்ட ருக்குன் தெத்தாங்கா பகுதிகள் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சின் கீழ் இயங்குகின்றன.

எஸ்ஆர்எஸ் எனப்படும் தன்னார்வ ரோந்துத் திட்டமும் இதன் கீழ்தான் வருகிறது. விருப்பமுள்ள குடியிருப்பாளர்கள் முறையாகப் பதிவு செய்துகொண்டு, போலீசின் ஒத்துழைப்போடு தங்கள் பகுதியில் ரோந்து வரலாம். இவர்களும் போலீஸ்காரர்கள் அல்லர். பார்ப்பது, குறிப்பெடுப்பது, தகவல் தருவதுதான் வேலை. உங்கள் பகுதியில் ருக்குன் தெத்தாங்கா இருக்கிறதா என்பதை மாவட்ட ஒருமைப்பாட்டு அலுவலகத்தில் கேட்கலாம். இருந்தால் கூட்டத்துக்குப் போங்கள். பல இடங்களில் நம்மவர் செயற்குழுவில் இல்லாமற்போவதற்குக் காரணம், நாம் கூட்டத்துக்கே போகாததுதான்.

பத்து வீட்டு ஏற்பாடு

பெரிய திட்டங்கள் எல்லாத் தாமானிலும் நிலைப்பதில்லை. எங்கள் தெருவில் திருட்டுக்குப் பிறகு நாங்கள் செய்தது சிறியது. வலப்புறம் ஐந்து, இடப்புறம் ஐந்து என்று பத்து வீடுகளின் கைப்பேசி எண்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொண்டோம். மலாய், சீனக் குடும்பங்களும் வாடகைக்கு இருப்பவர்களும் அதில் சேர்த்தி. பகலில் வீட்டில் இருப்பவர்கள் யார் யார் என்பதும் எழுதப்பட்டது. பெரும்பாலும் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும்தான்.

வீட்டுக்கு ஆள் வேலைக்கு வருவதாக இருந்தால் முதல் நாளே பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் ஒரு வேன் வந்தால், பார்த்தவர் வீட்டுக்காரரை அழைக்கிறார். பதிலில்லாவிட்டால் போலீசுக்கு அழைப்பு. அதோடு, எரியாத தெருவிளக்குகளுக்கும் பின்சந்துப் புதருக்கும் நகராண்மைக் கழகத்திடம் எழுத்து மூலம் புகார் செய்தோம்.

தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டியவையும் உண்டு. பெருநாள் காலங்களில் வீட்டைப் பூட்டிச் செல்வோர் அருகிலுள்ள நிலையத்தில் தெரிவிக்கலாம் என்று போலீசாரே கேட்டுக்கொள்கிறார்கள். அண்டை வீட்டாரிடம் சொல்லி, வாசலில் சேரும் நாளிதழையும் கடிதங்களையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு முகநூலில் போட்டுக்கொள்ளலாம்.

நகை விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, ரசீதோடு வேறோர் இடத்தில் வையுங்கள். திருட்டு நகை அடகுக் கடையிலோ வேறெங்கோ கிடைத்தால், அது உங்களுடையதுதான் என்று காட்ட இவைதான் உதவும். டீச்சரிடம் சில நகைகளுக்கு மட்டும் படம் இருந்தது. அதுவும் கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரிந்தது.

அந்த நகைகள் இன்றுவரை கிடைக்கவில்லை. திருமணம் தள்ளிப்போய், பிறகு எளிமையாக நடந்தது. தெருவே போயிருந்தோம்.

சில மாதங்களுக்கு முன் மீண்டும் ஒரு வேன் அவர் வீட்டின் முன் நின்றது. இம்முறை எண்ணைக் குறித்துக்கொண்டு, பள்ளியில் இருந்த டீச்சரை அழைத்தேன். “ஆமாண்ணே, ஏர்கோனுக்குத்தான் வரச் சொன்னேன். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்” என்றார். இந்த அழைப்புக்கு அரை நிமிடம்தான் ஆனது. அன்று அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.